எலுமிச்சைத் தோலும் நம் தோலும்

எலுமிச்சை சாகுபடி செய்யும் விவசாயிகளுக்கு விலை ஒரே சீராகக் கிடைப்பதில்லை. கோடையில் பழத்தை எண்ணி விற்கிறோம். வரத்து மிகுந்த மாதங்களில் மூட்டையாகக் கொடுத்தாலும் பறிப்புக் கூலிக்குக் கட்டுவதில்லை. அப்போது மிஞ்சும் பழத்தைக் கொண்டு சோப்பு, குளியல் பொடி, முகப்பூச்சு ஆகியவற்றைத் தயாரித்து விற்கலாமா என்று விவசாயிகளும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கேட்கின்றனர். தாராளமாகச் செய்யலாம். ஆனால் எலுமிச்சையை எந்த வடிவில் சேர்க்கலாம், எந்த வடிவில் சேர்க்கக் கூடாது என்பதை அறிந்த பின்னரே இதில் இறங்க வேண்டும். அறியாமல் செய்தால் வாங்கியவர் முகம் புண்ணாகும்; தயாரித்தவர் பெயரும் கெடும்.

பழத்தில் உள்ளவை

100 மி.லி. எலுமிச்சைச் சாற்றில் சுமார் 6 கிராம் சிட்ரிக் அமிலம் உள்ளது. சாற்றின் கார அமில நிலை 2 முதல் 2.5 வரை இருக்கும். நம் தோலின் நிலை ஏறக்குறைய 5. எனவே சாற்றை அப்படியே பூசினால் தோல் எரியும். சாற்றிலுள்ள வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் சிதைந்துவிடும்.

எலுமிச்சையின் மணம் சாற்றில் அதிகம் இல்லை. பழத்தோலின் மேற்பரப்பில் காணப்படும் சிறுசிறு எண்ணெய்ப் பைகளில்தான் அது உள்ளது. ஆகவே தோல் பராமரிப்புப் பொருள்களைப் பொறுத்தவரை, நாம் பிழிந்தபின் எறியும் பழத்தோலே மதிப்பு மிக்க பகுதியாகும்.

வெயில் பட்டால் வரும் தீங்கு

பழத்தோலில் மண எண்ணெயுடன் பியூரோகுமரின் என்னும் பொருள்களும் உள்ளன. பழத்தைப் பிழியும்போது இவை சாற்றுடன் கலந்து கையில் படுகின்றன. இவை பட்ட இடத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால் தோல் வெந்துபோகிறது. பெரும்பாலும் மறுநாள் சிவந்து எரியும். இரண்டு மூன்று நாட்களில் கொப்புளம் தோன்றும். ஆறிய பின்னரும் கறுத்த தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். இது ஒவ்வாமை அன்று, யாருக்கும் வரக்கூடியது.

நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போக அரிசியை நம் பெண்கள் அறிவார்கள். அதிலுள்ள சோராலன் என்ற பொருளும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். வெண்புள்ளி உள்ள இடத்தில் நிறம் ஏறுவதற்காக, மருத்துவர்கள் சோராலனை அளவோடு கொடுத்து ஒளி படச் செய்வதுண்டு. நிறம் வெளுக்கும் என்று நம்பி எலுமிச்சையைப் பூசிக்கொண்டு வெயிலில் செல்பவர்களுக்கு முகம் கறுப்பது இதனால்தான். 'சிவப்பழகு தரும்' என்று சொல்லி எலுமிச்சைப் பூச்சு விற்பது தவறு.

எண்ணெயில் இரு வகை

பழத்தோலை அழுத்திப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் பியூரோகுமரின் இருக்கும். நீராவியில் வடித்து எடுக்கும் எண்ணெயில் இத்தொல்லை மிகக் குறைவு. பியூரோகுமரின் எளிதில் ஆவியாகாத பொருளாகையால் அது கொப்பரையிலேயே தங்கிவிடுகிறது. பூசிக் கழுவாமல் விடும் கிரீம், தைலம் போன்றவற்றில் பிழிந்த எலுமிச்சை எண்ணெய் 0.7 சதவீதத்திற்கு மேல் கூடாது என்பது வாசனைப் பொருள் தொழிலில் உலக அளவில் வைத்துள்ள வரம்பு. அதாவது 100 கிராம் கிரீமுக்கு 0.7 கிராம். சிறிய அளவில் தயாரிப்பவர்கள் பிழிந்த எண்ணெயைத் தவிர்த்து, வடித்த எண்ணெயையே பயன்படுத்துவது நல்லது.

தயாரிப்பாளர் கவனத்திற்கு

1. சோப்புக் கரைசலில் எலுமிச்சைச் சாறு ஊற்ற வேண்டாம். ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் சுமார் 0.6 கிராம் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும். 100 மி.லி. சாறு சேர்த்தால் ஏறத்தாழ 4 கிராம் காஸ்டிக் சோடா வீணாகிறது. அந்த அளவுக்கு எண்ணெய் சோப்பாக மாறாமல் நின்று, சோப்பு இளகும்; நாளடைவில் சிக்கு வாடையும் வரும். மணத்திற்கு, வடித்த எண்ணெயை இறுதியில் சேர்க்கவும்.

2. பொடிக்கு, பிழிந்த அன்றே பழத்தோலை மெல்லியதாக நறுக்கி நிழலில் உலர்த்தவும். கடும் வெயிலில் காய்ந்தால் மணம் போய்விடும். கையால் ஒடித்தால் முறியும் பதத்தில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரம் புகாத டப்பாவில் அடைக்கவும். திப்பி இருந்தால் தோலைக் கீறும்.

3. உலர்ந்த பொடியிலும் பியூரோகுமரின் தங்கியிருக்கும். எனவே குளியல் பொடியில் சிறிதளவே சேர்க்கவும். 'மாலையில் தேய்த்து உடனே நன்கு கழுவவும், முகத்தில் ஊறவிட வேண்டாம்' என்று உறையில் அச்சிடவும்.

4. பூச்சி மருந்து பெரும்பாலும் பழத்தோலில்தான் தங்கும். மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்புக் காலம் முடிந்த பின் பறித்த பழத்தையே கழுவிப் பயன்படுத்தவும். பூசணம் பிடித்தவை, சொறி நோய் கண்டவை ஆகாது.

5. விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் தேவை. 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள்கள் விதிகளும் குழுக்களுக்கும் பொருந்தும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையை முதலில் அணுகவும். கொப்பரை வாங்குவது அதன் பிறகு.

வேலை செய்வோருக்கு

பழம் பறிப்போரும், ஊறுகாய்க்கும் சாற்றுக்கும் நறுக்குவோரும் கையுறை அணிவது நல்லது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பின்னரே வெயிலுக்குச் செல்ல வேண்டும். சாறு பட்ட கையோடு குழந்தைகளைத் தூக்கக் கூடாது. கொப்புளம் கண்டால் உடைக்காமல், வெயில் படாமல் மூடி, மருத்துவரிடம் காட்டவும். அதன்மேல் மீண்டும் எலுமிச்சை தேய்ப்பது புண்ணை வளர்க்கும்.

விலை விழும் மாதங்களில் எலுமிச்சைத் தோல் ஒரு வருவாய் தரும். வடித்த எண்ணெய், அளவான பொடி, உறையில் உண்மையான வாசகம் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பவரின் சரக்கை ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் தேடி வருவார். செய்முறைப் பயிற்சிக்கு அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகிப் பயன்பெறலாம்.