கோட்டையும் சிற்றூரும்: கடத்தூரிலிருந்து ஒரு மிதிவண்டிச் சுற்று

தமிழ் பயிலும் மாணாக்கர் தகடூரை அறிவர்; தருமபுரியையும் அறிவர்; இரண்டும் ஓரூரே என்பதையும் தேர்வின் பொருட்டேனும் அறிந்திருப்பர். ஆயினும் அவ்வூரைச் சூழ்ந்த நிலம் எத்தகையது, அங்கே எவர் வாழ்கின்றனர், என்ன விளைகின்றது என்று வினவின், விடை கூறவல்லார் சிலரே. ஏட்டிற் கற்றதை நிலத்திற் கண்டறிய மிதிவண்டியினும் ஏற்ற ஊர்தி இல்லையென்பது நம் கருத்து. பேருந்து ஊர்களைக் கடந்து போய்விடும். கால்நடையோ ஒரு நாளில் ஓரிரண்டு ஊர்களோடு நின்றுவிடும். ஆதலின், தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரைத் தலைப்பாகக் கொண்டு, பெருந்துன்பமின்றி ஒரு பகலில் முடிக்கத்தக்க சுற்றொன்றை வகுக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

எல்லை வகுத்தல்

கடத்தூருக்கு மேற்கே, தருமபுரியை அடுத்துச் சேலஞ் செல்லும் பெருவழியில், அதியமான்கோட்டை உள்ளது. தென்கிழக்கே தென்கரைக்கோட்டை உள்ளது. இவ்விரண்டையும் ஒரே நாளிற் கண்டுவிட வேண்டுமென்னும் ஆவல் இயற்கையே. அவ்வாவலை முதற்கண் அடக்குதல் வேண்டும். பழக்கமுள்ள மாணவன் ஒருவன் சிற்றூர்ச் சாலையில் ஒரு மணி நேரத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை செல்வான். ஒரு நாளின் எல்லை 50 கிலோமீட்டர் எனக் கொண்டால், மிதிப்பதற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அதே அளவு நேரம் காண்பதற்கும் கேட்பதற்கும் எஞ்சும். இரு கோட்டைகளையும் சேர்த்தால் எஞ்சிய நேரமெல்லாம் சாலையிற் கழிந்துபோம். ஆகவே கிழக்குச் சுற்று ஒரு நாள், மேற்குச் சுற்று மற்றொரு நாள் என இரண்டாகப் பிரிப்பதே தக்கது. புறப்படுமுன் படத்தில் வழியை அளந்து, எல்லை மிகுமாயின் ஓர் ஊரைக் குறைத்துக்கொள்க. ஊர்களில் தங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டா.

காலமும் காற்றும்

கிழக்குச் சுற்று கடத்தூரிலிருந்து தென்கிழக்கே தென்கரைக்கோட்டைக்கும், அங்கிருந்து வடக்கே மொரப்பூருக்கும், பின்னர் மேற்கு நோக்கித் திரும்பிக் கடத்தூருக்கும் அமைவது. இதற்கு மார்கழி, தை மாதங்களே உகந்தவை. வெயில் கடுமையன்று என்பது மட்டும் காரணமன்று. அக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, களைத்துத் திரும்பும் வேளையில் நம் முதுகைத் தள்ளிக்கொடுக்கும். ஆடி மாதத்திலோ மேல்காற்று முகத்தில் அறையும். அப்போது இறுதிப் பத்துக் கிலோமீட்டர் இருபதாகத் தோன்றும். பொழுது புலரும்போதே புறப்பட்டு, நண்பகலுக்குள் கோட்டையைக் கண்டுவிடுதல் நலம்.

வழியும் ஊர்ப்பெயரும்

கடத்தூர் வெற்றிலை வாணிகத்திற்குப் பேர்பெற்ற ஊர். அதனை அடுத்த இருப்புப்பாதை நிலையம் புட்டிரெட்டிப்பட்டி. மேலுஞ் சென்றால் இராமியணஹள்ளி முதலிய ஊர்கள். இப்பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே ஒரு வரலாறு விளங்கும். ‘ஊர்’, ‘கோட்டை’, ‘பட்டி’ என்பன தமிழ். ‘ரெட்டி’ என்பது தெலுங்கு மக்களை நினைவூட்டுவது. ‘ஹள்ளி’ என்பது சிற்றூரைக் குறிக்கும் கன்னடச் சொல். மூன்று மொழியாரும் வந்து குடியேறி ஒருங்கு வாழ்ந்த நிலம் இஃது என்பதற்குக் கல்வெட்டு வேண்டா. சாலையோரத்து ஊர்ப்பலகைகளே சான்றாகும்.

தென்கரைக்கோட்டையில் மதிலும் அகழியின் அடையாளமும், உள்ளே கல்யாணராமர் கோயிலும் உள்ளன. முதல் மைசூர்ப் போரில், 1768ஆம் ஆண்டில், கும்பினிப் படைத்தலைவர் கர்னல் வுட் தென்கரைக்கோட்டையையும் தருமபுரியையும் கைப்பற்றினார். அவ்வாண்டு முடியுமுன்னரே ஐதர் அலி அவற்றை மீட்டுக்கொண்டார். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் கும்பினியார் வசமாயிற்று. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவர்க்கு உதவியாளராய்த் தருமபுரியில் வாழ்ந்த தாமசு மன்றோவும், உழவன் ஒவ்வொருவனோடும் நேரே வரிகணக்கிடும் இரயத்துவாரி முறையை இந்நிலத்திலேதான் வளர்த்தனர். கோட்டைகள் கைமாறிய காலத்தும், கைமாறாது நின்று வரி இறுத்தவர் உழவரே என்பதை மதிலின்மேல் நின்று சுற்றிலும் நோக்குங்கால் உணரலாம்.

திரும்பும் வழியில் மொரப்பூர் தங்குதற்கு ஏற்ற இடம். இங்கிருந்து தருமபுரிக்கு 1906ஆம் ஆண்டில் குறுகிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டுப் பின்னர் ஓசூர் வரை நீண்டது. 1941இல் அது மூடப்பட்டது. வண்டி பழுதுறின் பேருந்தோ இரயிலோ பற்றுதற்கும் மொரப்பூர் உதவும். சுற்றின் பிற்பாதியில் இத்தகைய புகலிடம் ஒன்று அமையுமாறு வகுப்பது பொதுவிதி.

மேற்குச் சுற்று

இரண்டாம் நாட் பயணத்தில் அதியமான்கோட்டையையும் தருமபுரியையும் காணலாம். அதியமான் பெயர் தாங்கிய அவ்வூரில் மண்மேடும் பெயருமன்றிக் கோட்டையாக எஞ்சியது சிறிதே. சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து ஓவியங்கள் காணத்தக்கவை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இம்மாவட்டத்து நடுகற்கள் பல வைக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான கற்கள் அரசரைப் பாடுவன அல்ல. ஆநிரை மீட்டு வீழ்ந்த ஊர்வீரரை நிலைநிறுத்துவன. 1981ஆம் ஆண்டில் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த பள்ளியைக் குறித்து, புறநானூற்று வள்ளல் கற்பனையல்லன் என்று மெய்ப்பித்தது. சேலஞ் செல்லும் பெருவழியில் சரக்குந்துகள் மிகுதியாதலால், மிதிவண்டியினர் இயன்றவரை ஊர்ச்சாலைகளையே கொள்க. தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் செல்லற்க.

உடன் கொள்வன

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மாற்று டியூபு, ஒட்டுக்கருவி, காற்றடிக்கும் பம்பு, தலைக்கவசம் என்பன இன்றியமையாதன. வேலமுள் எவ்விடத்தும் கிடக்கும். மூவருக்குக் குறையாமலும் அறுவருக்கு மிகாமலும் சேர்ந்து செல்க. இவற்றோடு குறிப்பேடும் எழுதுகோலும் வேண்டும். கோட்டைச் சுவரில் பெயர் கீறாமை, நடுகல்லை ஊரார் வழிபடுமிடத்து அவர் இசைவு பெற்றே அணுகல், மிதியடி களைந்து நிற்றல் ஆகிய ஒழுக்கங்கள் நம் கல்லூரிக்கும் நம் சமயத்திற்கும் பெருமை தருவன.

பயணத்தின் பயன்

அதியமானின் முன்னோர் இந்நாட்டிற்குக் கரும்பைக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடியுள்ளார். பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். அப்போரைக் கூறும் தகடூர் யாத்திரை என்னும் நூலும் சிதைந்து, சில பாடல்களே நமக்குக் கிட்டின. மதிலும் போயிற்று, நூலும் போயிற்று, கரும்போ இன்றும் இம்மாவட்டத்து வயல்களில் நிற்கின்றது. அதனைக் காத்தவர் பெயரறியாத சிற்றூர் மக்கள்.

இடிந்த எருசலேம் மதிலை நெகேமியா இரவில் ஊர்தியேறிச் சுற்றிப் பார்த்த செய்தியை நாம் வேதத்திற் படிக்கின்றோம். அந்நூலின் அடுத்த அதிகாரம் கல்லின் அளவைக் கூறுவதினும், எந்தெந்தப் பகுதியை எவரெவர் கட்டினர் என்று பெயர்பெயராகக் கூறுவதே மிகுதி. நம் சுற்றும் அவ்வாறு அமைதல் வேண்டும். வயல்வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல், ஊரின் பழம்பெயர், ஏரியின் பெயர், முதியோர் சொல்லும் கதை இவையெல்லாம் அகழ்வைப்பகம் புகுந்தவை அல்ல. சொல்லுவார் மறைந்தால் உடன் மறைவன. ஆதலால் ஊருக்கு ஒரு பக்கமேனும் எழுதிக்கொண்டு வந்து, நாளும் இடமுங் குறித்துத் தமிழ்த்துறை நூலகத்திற் சேர்ப்பீர்களாக. நமக்குப் பின் வரும் மாணவர் அவ்வேட்டோடு அதே சுற்றைத் தொடங்குவர்.