மக்காச்சோள மணியின் பக்குவம்



தானிய வியாபாரம் செய்யும் நம்மவர் பலர், மூட்டையை அவிழ்த்து மணி மஞ்சளாகப் பளபளப்பதைக் கண்டதும் விலை பேசிவிடுகின்றனர். மணி முற்றிவிட்டதா என்பது ஒரு கேள்வி. முற்றிய மணி காய்ந்துவிட்டதா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் நஷ்டம் நேருகிறது.

முதலாவது, முற்றுதல். அவித்துத் தின்னும் இனிப்புச் சோளம், கதிரின் நுனியில் பட்டுநூல் போன்ற இழை தோன்றிச் சுமார் மூன்று வாரத்தில், பால் பருவத்திலேயே பறிக்கப்படும். தானியத்துக்கும் விதைக்கும் உரிய சோளமோ ஏறத்தாழ 50 முதல் 60 நாள் வரை செடியில் நிற்க வேண்டும். உறை காய்ந்து வெளுத்ததை மட்டும் நம்பலாகாது. நோயாலும் வறட்சியாலும் உறை முன்னதாகவே காய்ந்துவிடும். கதிரை இரண்டாக ஒடித்து, நுனிப்பக்கத்துத் துண்டில் தெரியும் மணிகளைப் பாருங்கள். மேற்பாகம் கெட்டியாகவும் அடிப்பாகம் பாலாகவும் இருந்தால் இன்னும் முற்றவில்லை. கெட்டித்த பாகம் மணியின் அடிவரை இறங்க வேண்டும். பிறகு கதிரின் நடுப்பகுதியில் ஒரு மணியைப் பெயர்த்து, அது ஒட்டியிருந்த அடிமுனையை நகத்தால் சுரண்டுங்கள். அங்கே கருநிற அடுக்கு தென்பட்டால் மணி முற்றிவிட்டது. இனி அதற்கு எடை ஏறாது. அதற்கு முன் ஒடித்த மணி சுருங்கி இலேசாகும். விதையாயின் முளைப்பின் வலிமை குன்றும்.

இரண்டாவது, காய்தல். கருஅடுக்கு தோன்றும்போதும் மணியில் பெரும்பாலும் 30 சதவிகித அளவுக்கு ஈரம் இருக்கும். மூட்டை கட்டி வைக்க 13, 14 சதவிகிதத்துக்கு மேல் இருத்தல் கூடாது. 20 சதவிகித ஈரமுள்ள 100 கிலோவை வாங்கி 14 சதவிகிதத்துக்கு உலர்த்தினால் 93 கிலோவே மிஞ்சும். மீதி 7 கிலோ தண்ணீருக்கும் தானிய விலை கொடுத்தவராவோம்!

சோதனைக் கருவி இல்லாதவர், நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் உலர்ந்த உப்புச் சிறிதும் சோள மணிகளும் இட்டு, மூடிக் குலுக்கிப் பார்க்கலாம். சற்று நேரத்தில் உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் சரக்கு ஈரம்.

ஈரச் சரக்கில் பூஞ்சணம் பிடிக்கும். 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைத் தீவனம் தின்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அதை ஆராய்ந்தபோதுதான் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது. மக்காச்சோளத்திலும் அது உண்டாகும், ஈரலைக் கெடுக்கும், சமையல் சூட்டில் அழியாது.

கதிர் வெளுத்து, நோய் அபாயம் நீங்கும் வரை அதை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். இரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானவை.

ஆகவே, வாங்கும்போது மூட்டையின் அடிவரை கைவிட்டுப் பாருங்கள். விற்கும்போது ஈரத்தை ஒளிக்காதீர்கள். குறை சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது. வல்ல அல்லாஹ் நம் தொழிலில் நேர்மையைத் தந்தருள்வானாக! ஆமீன்.