முதல் மட்டை

(உரைநடை – நினைவுக் கட்டுரை)

நுழையும் முன்

இறகுப்பந்து, பூப்பந்து என்னும் இரண்டு சொற்களையும் பலர் ஒரே ஆட்டத்தின் பெயர்கள் என எண்ணுகின்றனர். அவை வெவ்வேறு ஆட்டங்கள். ஒன்றில் இறகு பொருத்திய பந்தையும், மற்றொன்றில் மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தையும் அடித்து ஆடுவர். மேற்கு வங்காளத்தின் இரயில்வே குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த தமிழ்ச் சிறுவன், பெரியவனான பின்னர் எழுதிய நினைவுகளே இப்பாடம். முதலில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

பாடம்

என் தந்தையார் 1967 ஆம் ஆண்டு தென்கிழக்கு இரயில்வேயில் எழுத்தராகப் பணியேற்றுக் கரக்பூருக்கு வந்தார். மன்னார்குடியை அடுத்த சிற்றூரிலிருந்து அவர் கொண்டுவந்தவை யாவும் ஒரு தகரப் பெட்டியில் அடங்கின. அடங்காத பொருள் ஒன்றே ஒன்று. அது ஒரு மட்டை. காக்கித் துணியுறையில் இட்டு, ஹௌரா மெயிலில் அதனை மடிமீது வைத்துக்கொண்டே வந்தாராம். “குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார்” என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அது பூப்பந்து மட்டை. பூப்பந்து தஞ்சை மண்ணோடு நெருங்கிய தொடர்புடைய ஆட்டம். 19 ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரச குடும்பத்தினர் அதனை விரும்பி ஆடினர் என்பர். அணிக்கு ஐவர் நின்று திறந்த வெளியில் ஆடுவர். காவிரிச் சமவெளியில் மாலைக் காற்று ஓயாமல் வீசும். இறகுப்பந்து அக்காற்றில் திசைமாறிப் போகும். கம்பளிப் பந்தோ காற்றை எதிர்த்து நேரே செல்லும். அப்பா தம் கல்லூரி அணியில் பின்வரிசையில் நின்று ஆடியவர். ஆயினும் கரக்பூரில் பூப்பந்து ஆடுவார் எவரும் இல்லை. ஆகவே மட்டை பரணுக்குச் சென்றது.

உறைக்குள் அது தனியாக இல்லை. அதனை ஓர் அழுத்துச் சட்டம் பற்றிக்கொண்டிருந்தது. இக்காலச் சிறுவர் அப்பொருளைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆதலால் சற்று விளக்குகிறேன். அந்நாளில் மட்டையின் தலைப்பகுதி மரத்தால் ஆனது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் அதனை இழக்கும். இவ்வாறு மாறி மாறி நிகழும்போது அது கோணிக்கொள்ளும். இறுக்கிக் கட்டிய நரம்புகளும் நாற்புறத்திலிருந்தும் உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே ஆடாத நேரத்தில் மட்டையின் தலையை இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையில் வைத்து, நான்கு மூலைகளிலும் மரையாணிகளைத் திருகி இறுக்கி வைப்பர். அப்பாவின் அழுத்துச் சட்டம் ஊர்த் தச்சர் ஒருவர் தேக்கில் செய்து கொடுத்தது.

இனி எங்கள் ஊரின் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்காளத்தில் மார்கழி பிறந்தால் தெருவுக்குத் தெரு இறகுப்பந்துத் திடல் முளைத்துவிடும். குடியிருப்பின் அண்ணன்மார் புல்லைச் செதுக்குவர். சுண்ணாம்புத் தூளால் கோடு இடுவர். இரண்டு மூங்கில்களை நட்டு வலை கட்டுவர். மூங்கில் உச்சியில் மின்விளக்குகளைத் தொங்கவிடுவர். ஓர் அணிக்கு இருவர் ஆடுவர். இருபது பேர் சுற்றி நின்று காத்திருப்பர். அக்காலத்தில் பந்தை முதலில் அடித்துத் தொடங்குபவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். 15 புள்ளி எடுப்பதற்குள் விடிந்துவிடுமோ என்று காத்திருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். 2006 ஆம் ஆண்டில்தான், யார் தொடங்கினாலும் வென்றவருக்குப் புள்ளி என்னும் 21 புள்ளி முறை வந்தது. எனக்கு இன்றும் பழைய முறையே பிடிக்கும். தோற்றுக்கொண்டிருப்பவன் மூச்சுவாங்கிக்கொள்ள அதில் இடம் இருந்தது.

1980 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரகாஷ் படுகோன் இலண்டனில் அகில இங்கிலாந்துப் போட்டியை வென்றார். இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் லீம் ஸ்வீ கிங்கை 15–3, 15–10 என வீழ்த்தினார். அப்பட்டத்தை அதற்குமுன் எந்த இந்தியரும் பெற்றதில்லை. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்பில் மட்டை இல்லாத சிறுவன் சிறுவனே அல்லன் என்னும் நிலை உண்டாயிற்று. எனக்கு அப்போது பத்து வயது. என்னிடம் மட்டை இல்லை.

நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் உடனே பரணில் ஏறினார். உறையைப் பிரித்து, மரையாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பதின்மூன்று ஆண்டுகள் உறங்கிய மட்டையை வெளியே எடுத்தார். விரல் நகத்தால் நரம்பைச் சுண்டிப் பார்த்தார். இரண்டு நரம்புகள் அறுந்திருந்தன. மூன்று மாலைகள் அமர்ந்து நைலான் நரம்பு கோத்தார். பிடியில் புதிய துணி சுற்றினார். “இது இனி உன்னுடையது, தம்பி” என்று என் கையில் கொடுத்தார். நான் முதன்முதலில் உடைமையாகப் பெற்ற மட்டை அதுவே.

அதனை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடினேன். இறகுப்பந்தின் எடை ஏறத்தாழ 5 கிராம். பூப்பந்தின் எடையோ அதைப்போலப் பல மடங்கு. அதற்கேற்ப அப்பாவின் மட்டையும் கனத்தது. நான் வீசி முடிப்பதற்குள் இறகுப்பந்து தரையில் விழுந்து கிடக்கும். ஐந்தாவது முறை எப்படியோ அடித்துவிட்டேன். தடித்த சட்டத்தின் விளிம்பு பட்டு இரண்டு இறகுகள் முறிந்தன. ஒரு பந்தில் 16 இறகுகள் உண்டு. அவற்றுள் ஒன்று முறிந்தாலும் பந்து தள்ளாடும். எங்களுக்குப் பந்துகள் உலுபேரியாவிலிருந்து வரும். கரக்பூருக்கும் ஹௌராவுக்கும் இடையில் உள்ள அவ்வூரின் சுற்றுவட்டாரத்தில் வீடுதோறும் வாத்து இறகுகளைத் தரம் பிரித்து, தக்கையில் செருகி, நூல் கட்டிப் பந்து செய்வர். பக்கத்து ஊர்ப் பொருள் என்றாலும் எங்களுக்கு அது விலைமிக்கதே. ஒரு பந்துக்கு எல்லாரும் காசு போடுவோம்.

ஆட்டம் நின்றது. எல்லாரும் என் மட்டையை வாங்கிப் பார்த்தனர். “இது என்ன, உங்கள் ஊரில் தோசை திருப்புவதா?” என்றான் ஒருவன். சிரிப்பு அடங்கவே இல்லை. “இது யாருடையது?” என்று பெரிய அண்ணன் ஒருவர் கேட்டார்.

“எங்களுடையது அன்று. இந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச் சென்றது. என் அப்பாவுக்கு இதெல்லாம் ஆடத் தெரியாது” என்றேன்.

நான் அதனை வங்காள மொழியில் சொன்னேன். வீட்டில் தமிழும் வெளியில் வங்காளமும் பேசும் பிள்ளைகளுக்கு ஓர் எண்ணம் உண்டு: ஒரு மொழியில் சொன்னது மற்றொரு மொழியின் எல்லைக்குள் கேட்காது என்பதே அது. திரும்பினேன். விளக்கொளியின் விளிம்பில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் என் குரங்குக் குல்லாய். அவருக்கு வங்காளம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் அருகில் வந்தார். குல்லாயை என் தலையில் மாட்டினார். “பனி விழுகிறது, காதை மூடிக்கொள்” என்று தமிழில் சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்தார்.

அதைப்பற்றி அவர் எங்கும் எப்போதும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பொங்கல் வந்தது. அங்குக் குளிர்காலத்தில் கிடைக்கும் ஈச்ச வெல்லத்தால் அம்மா பொங்கல் வைத்தார். அதே நாளில் அண்டை வீடுகளிலிருந்து சங்கராந்திப் பலகாரமாகிய பிட்டே வந்தது. நான் இரண்டையும் உண்டேன்; அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சம்பளம் வந்த அடுத்த ஞாயிறன்று அவர் என்னைக் கோல் பஜாருக்கு அழைத்துச் சென்றார். கடைக்காரர் ஐந்தாறு மட்டைகளை எடுத்துப் பரப்பினார். அவற்றுள் ஒன்று ஜலந்தரில் செய்யப்பட்டது. மரத்தலை, எஃகுத் தண்டு, சிவப்பு நரம்பு. 1947 ஆம் ஆண்டு நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து புலம்பெயர்ந்த விளையாட்டுப் பொருள் கைவினைஞர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறித் தம் தொழிலைத் தொடர்ந்தனர் என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தேன். அன்று நான் கண்டது சிவப்பு நரம்பு ஒன்றையே. விலை 42 ரூபாய். “அழுத்துச் சட்டம் தனி விலை” என்றார் கடைக்காரர். அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அது வீட்டில் இருக்கிறது” என்றார்.

ஆம், வீட்டில் இருந்தது. அன்றிரவு அப்பா தம் மட்டையிலிருந்து தேக்குச் சட்டத்தைக் கழற்றி என் மட்டைக்குப் பொருத்தினார். அளவு சற்றே வேறுபட்டது. ஒரு மூலையில் அட்டையை மடித்து வைத்துச் சரிசெய்தார். “ஆடி முடித்ததும் மறவாமல் இறுக்கு. நான்கையும் ஒரே அளவாகத் திருக வேண்டும்” என்று காட்டிக் கொடுத்தார். நான் மறந்ததே இல்லை. அக்குளிர்காலம் முழுவதும் ஆடினேன். வெற்றிகள் குறைவு, எனினும் என்னை யாரும் வெளியே நிறுத்தவில்லை.

பிறகு கோடை வந்தது. அதன்பின் வங்காளத்தின் மழைக்காலம், சுவர்களில் பாசி படரும், உப்பு கரையும், தீக்குச்சி பற்றாது. புரட்டாசி இறுதியில் அம்மா பரணைத் தூய்மை செய்தபோது காக்கி உறையைக் கீழே இறக்கினார். நான் அதனைத் திறந்தேன். மட்டையின் தலை சுட்ட அப்பளம்போல வளைந்திருந்தது. தரையில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது.

“இதற்கு வேறு சட்டம் வாங்கவில்லையா, அம்மா?”

“வாங்கலாம் என்றுதான் சொன்னார். அதற்குள் உன் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு ஊருக்குப் போய்வந்தோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது” என்றார் அம்மா.

மாலையில் அப்பா வந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் பகல் முழுவதும் எண்ணி வைத்திருந்தேன். அவர் மிதியடியைக் கழற்றி, முகம் கழுவி, நாளிதழை விரித்தார். எண்ணி வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. “அப்பா, பூப்பந்தை எப்படி ஆடுவார்கள்?” என்று கேட்டேன்.

அவர் நாளிதழுக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு அதனை மடித்து வைத்தார். கரித்துண்டால் தரையில் திடல் வரைந்தார். ஐந்து புளியங்கொட்டைகளை இப்பக்கமும் ஐந்தை அப்பக்கமும் வைத்தார். முன்னே நிற்பவர் யார், நடுவில் நிற்பவர் யார், பின்வரிசையில் நிற்பவனுக்கு ஏன் பொறுமை வேண்டும் என்று விளக்கிக்கொண்டே போனார். இரவு உணவு ஆறியது. ஊரில் உடன் ஆடியவர்களின் பெயர்களையெல்லாம் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை.

மறுவாரம் அம்மா மஞ்சள் கம்பளி நூலை இறுகச் சுற்றித் தைத்து ஒரு பந்து செய்தார். ஞாயிறு காலையில் நாங்கள் திடலுக்குச் சென்றோம். வலை இல்லை, ஒரு வேட்டியைக் கயிற்றில் கட்டினோம். நான் என் மட்டையால் ஆடப் போனேன். “கம்பளிப் பந்துக்கு அது தாங்காது” என்று தடுத்து, எதிர்வீட்டிலிருந்து பழைய டென்னிஸ் மட்டை ஒன்றை இரவல் வாங்கித் தந்தார். அவர் தம் வளைந்த மட்டையை எடுத்துக்கொண்டார். அவர் அடித்த முதற்பந்து இடப்பக்கம் வெகுதொலைவு விலகிப் புதரில் விழுந்தது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது முறை அவர் வலப்பக்கம் திரும்பி நின்று அடித்தார். பந்து நேரே என்னிடம் வந்தது.

சுற்றி நின்ற பையன்கள் கைதட்டினர். “உன் அப்பாவுக்கு ஆடத் தெரியாது என்றாயே?” என்று, சென்ற ஆண்டு மட்டையைப் பற்றிக் கேட்ட அதே அண்ணன் வினவினார்.

“பொய் சொன்னேன். மட்டையும் அவருடையதுதான்” என்றேன். இம்முறை அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

என் சிவப்பு நரம்பு மட்டை நான்கு ஆண்டுகளில் முறிந்தது. பின்னர் உலோக மட்டைகளும் கரிம இழை மட்டைகளும் வந்தன. அவற்றுக்கு அழுத்துச் சட்டம் தேவையில்லை. தேக்குச் சட்டம் மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்போது அதற்குள் இருப்பது அப்பாவின் மட்டை. வளைந்தது நிமிரவில்லை; ஆயினும் மழைக்காலம் தொடங்கும் முன் நான்கு மரையாணிகளையும் ஒரே அளவாகத் திருகி வைக்கிறேன்.

சொற்பொருள்

பரண் – வீட்டின் உள்கூரைக்குக் கீழே பொருள் வைக்கும் மேடை
மரையாணி – திருகி இறுக்கும் ஆணி
கோணுதல் – நேர்மை கெட்டு வளைதல்
தக்கை – எடை குறைந்த மென்மையான மரப்பட்டைப் பொருள்
பிட்டே – வங்காளத்தில் அரிசி மாவால் செய்யும் பலகாரம்
இரவல் – திருப்பித் தருவதாகச் சொல்லிப் பெறும் பொருள்

பயிற்சி

1. தஞ்சைப் பகுதியில் திறந்த வெளி ஆட்டத்துக்குக் கம்பளிப் பந்து ஏற்றதாக இருந்தது ஏன்?

2. “அது வீட்டில் இருக்கிறது” என்று அப்பா கடைக்காரரிடம் கூறினார். அவர் எதனைக் குறிப்பிட்டார்? அதனால் பின்னர் என்ன நேர்ந்தது?

3. எழுதியவர் சொல்ல எண்ணி வைத்தது ஒன்று; கேட்டது வேறொன்று. அவர் எண்ணி வைத்தது என்னவாக இருக்கும்? நான்கு வரிகளில் எழுதுக.

4. பிரித்து எழுதுக: மரச்சட்டம், துணியுறை, அன்றிரவு, முதற்பந்து.

5. உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ ஊரிலிருந்து கொண்டுவந்து இன்றும் வைத்திருக்கும் பொருள் ஒன்றைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் தமிழில் கூறியதை அவர்கள் சொற்களிலேயே பத்து வரிகளில் எழுதி வருக.