எழுத்தும் செம்மையாக்கமும்

நுழையுமுன்

எழுதி முடித்த உடனே ஒரு படைப்பு நிறைவு பெற்றுவிடுவதில்லை. எழுதியவர் மீண்டும் நோக்கித் திருத்துவதும், பிறிதொருவர் படித்துக் குறைகளைச் சுட்டுவதும் அதனை முழுமையாக்குகின்றன. அவ்விரு பணிகளின் இன்றியமையாமையை இப்பாடம் உணர்த்துகிறது.

கல்லும் சொல்லும்

மாமல்லபுரத்தின் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் முற்றுப்பெறாமல் நிற்கின்றன. மேற்பகுதி உருப்பெற்றிருக்க, அடிப்பகுதி பாறையாகவே எஞ்சியுள்ளது. பல்லவர் காலச் சிற்பிகள் மேலிருந்து கீழாகச் செதுக்கினர் என்பதை அவை காட்டுகின்றன. உளி பெயர்த்த கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. எழுதுவோர்க்கோ நீக்கவும் சேர்க்கவும் மாற்றவும் வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பே திருத்தம் எனப்படுகிறது.

தம்மைத் தாமே திருத்துதல்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பல்லாவரத்தில் 1911 முதல் வாழ்ந்தவர் மறைமலையடிகள். அவர் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்குமுன்பே பல நூல்களை வெளியிட்டுப் புகழ்பெற்றிருந்தார். அந்நூல்களில் வடசொற்கள் கலந்திருந்தன. அச்சேறிவிட்டவை என்று அவற்றை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. மறுபதிப்புகளில் வடசொற்களைக் களைந்து தமிழ்ச்சொற்களை அமைத்தார். பிறர்க்கு வலியுறுத்திய கொள்கைக்குத் தம் எழுத்தையும் உட்படுத்திய நேர்மை அது.

இன்னொருவர் பார்வை

எனினும், எழுதியவருக்குத் தம் குறை எளிதில் புலப்படுவதில்லை. "கோவளம் கடற்கரையில் முருகன் தம்பியைக் கண்டபோது அவன் அழுதுகொண்டிருந்தான்" என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். அழுதவன் யார்? எழுதியவர் அறிவார், படிப்பவர் அறியார். "அழுதுகொண்டிருந்த தம்பியை முருகன் கண்டான்" என மாற்றினால் ஐயம் நீங்கும். எழுதியவர் தம் மனத்தில் உள்ளதையும் சேர்த்தே படிக்கிறார். பிறரோ தாளில் உள்ளதை மட்டுமே படிக்கின்றனர்.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதை அதன் பாயிரம் குறிப்பிடுகிறது. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை நன்னூல் தொகுத்துரைக்கிறது. கூறியது கூறலும் மிகைபடக் கூறலும் அவற்றுள் அடங்கும்.

நம் காலத்தில் இப்பணியைத் தொழில்முறையில் வளர்த்தவருள் ஒருவர் க்ரியா எஸ். ராமகிருஷ்ணன். 1974இல் தொடங்கப்பட்ட க்ரியா பதிப்பகம், இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைக'ளை 1994இல் வெளியிட்டது. அப்பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்தது. வாழும் மொழி மாறிக்கொண்டே இருப்பதால் 2008இலும் 2020இலும் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. அவர் மறைந்ததும் 2020ஆம் ஆண்டில்தான்.

நல்ல பதிப்பாசிரியர் தம் நடையை எழுத்தாளர்மீது திணிப்பதில்லை. "இது தெளிவாக உள்ளதா? இது தேவையா? இச்செய்தி சரியா?" என்று வினவுகிறார். விடை காண்பதும் முடிவெடுப்பதும் எழுத்தாளரின் கடமை. அவ்வினாக்களை இகழ்ச்சியாகக் கொள்ளாமல் உதவியாக ஏற்பவரின் எழுத்தே செம்மையுறும்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றை ஒரு வாரம் கழித்துப் படித்து, நீக்கத்தக்க தொடர்களை அடையாளம் காண்க.
2. உங்கள் கட்டுரையை வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, அவருக்கு விளங்காத இடங்களைக் கேட்டறிந்து திருத்தி எழுதுக.