அடுக்களையில் தராசும் பேணியும்

புத்தளம் மாவட்டத்தில் நெல் விற்கும் கமக்காரர் எவரும் தராசைப் பாராமல் விலை பேசுவதில்லை. கற்பிட்டிப் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் விளையும் வெங்காயமும் மிளகாயும் பூசணியும் நிறுத்தே சந்தைக்குச் செல்கின்றன. ஆனால் நெல் அரிசியாகி அடுக்களைக்குள் வந்தவுடன் தராசு மறக்கப்படுகின்றது. பேணியும் கரண்டியும் கைப்பிடியும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

அனைவரும் நலமாயுள்ள வீட்டில் இதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால் நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள ஒருவர் இருப்பின், உணவின் அளவு மருந்தின் அளவைப் போலவே கவனிக்கப்படல் வேண்டும். அத்தகைய வீடுகளுக்கு எப்பொருளை நிறுத்தல் வேண்டும், எப்பொருளை அளந்தாற் போதும் என்பது கீழே விளக்கப்படுகின்றது.

1. கொள்ளளவும் நிறையும்

பேணி காட்டுவது ஒரு பொருள் அடைக்கும் இடத்தை. தராசு காட்டுவது அப்பொருளின் நிறையை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் பழைய புசலே சான்றாகும். 32 கொத்து ஒரு புசல். ஒரு கொத்து அரிசி ஏறத்தாழ 2 இறாத்தல் நிற்கும். ஆகவே ஒரு புசல் அரிசி 64 இறாத்தல், அதாவது 29 கிலோகிராம் அளவில் இருக்கும். அதே புசலில் நெல்லை நிரப்பினால் 46 இறாத்தல், அதாவது 21 கிலோகிராம் மட்டுமே கொள்ளும். உமி இலேசானது, நெல்மணிகளுக்கிடையே காற்று நிற்கும் இடமும் மிகுதி. பாத்திரம் ஒன்றே, நிறையோ வேறு.

2. பேணி தவறும் இடங்கள்

மாவே இதில் முதலாவது. 240 மில்லிலீற்றர் கொள்ளும் கோப்பையில் அரித்த கோதுமை மாவை மெல்லத் தூவித் தலைதட்டினால் 120 கிராம் அளவில் நிற்கும். அதே கோப்பையை மாப்பைக்குள் அமிழ்த்தி அழுத்தி அள்ளினால் 150 கிராமையும் எட்டக்கூடும். அள்ளிய கை மாறினாலும் அளவு மாறும். பிட்டுக்கும் ரொட்டிக்கும் ஒருநாள் நீர் போதாமலும் மறுநாள் மிகுந்தும் போவதற்கு இது ஒரு காரணமாகும்.

முருங்கையிலை போன்ற கீரைகளைப் பேணியால் அளப்பதில் பயன் மிகக் குறைவு. உதிரியாக இட்டால் நிறையும் பேணி, சிறிது அமுக்கினால் பாதியாகும். வெங்காயத்தை எண்ணிக்கையாற் சொல்வதும் அத்தகையதே. ஒரு பெரிய குமிழ் சிறிய குமிழ்கள் பலவற்றுக்கு ஈடாகும்.

3. உப்பு

புத்தளம் கடலேரியையும் பாலாவியையும் அண்டிய உப்பளங்களைக் கொண்ட இம்மாவட்டத்தில் கல்லுப்பும் தூளுப்பும் அடுக்களையிற் புழங்குகின்றன. தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூளுப்பு 5 முதல் 6 கிராம் வரை நிற்கும். கல்லுப்பின் பரல்களுக்கிடையே இடைவெளி இருத்தலின் அதே கரண்டியில் அது குறைவாகவே கொள்ளும். கல்லுப்பிலிருந்து தூளுப்புக்கு மாறிய வீட்டார் பழைய கரண்டிக் கணக்கையே பின்பற்றுவாராயின், தம்மை அறியாமல் உப்பைக் கூட்டியவராவர்.

வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வீட்டுத் தராசிற் பல 5 கிராமைச் சரியாகக் காட்டமாட்டா. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஐவர் உள்ள வீட்டுக்கு வாரமொன்றுக்கு உச்ச வரம்பு 5 × 5 × 7 = 175 கிராம் ஆகும். கருவாட்டிலும் கடைப் பண்டங்களிலும் உள்ள உப்பும் இவ்வரம்பினுள் அடங்கும். ஆதலின் 175 கிராமிலும் குறைவாகவே நிறுத்து, ஒரு தனிப் போத்தலில் இட்டு, வாரம் முழுவதும் அதிலிருந்தே எடுத்தல் வேண்டும். வாரம் முடியுமுன் போத்தல் வெறுமையாகுமாயின், கறியிலும் கருவாட்டிலும் எதைக் குறைப்பது என்பதை வீட்டாரே கண்டுகொள்வர். சிறுவர்க்கு இதனினும் குறைவாகவே தேவை.

4. நீரிழிவு உள்ளவரின் சோறு

அரிசி நீரை உறிஞ்சிச் சோறாகும்பொழுது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு நிறை கூடும். குழைய வடித்த சோற்றுக்கும் உதிரியாக வடித்த சோற்றுக்கும் இம்மடங்கு வேறுபடும். ஆகவே கோப்பைக் கணக்கு இங்கே நம்பத்தக்கதன்று. செய்ய வேண்டியது இதுவே:

(அ) சமைக்குமுன் அரிசியை நிறுக்க. உதாரணம்: 500 கிராம்.
(ஆ) வெறும் பானையின் நிறையை முன்னரே குறித்துக்கொள்க.
(இ) சோறு வெந்தபின் பானையோடு நிறுத்து, பானையின் நிறையைக் கழிக்க. உதாரணம்: 1,400 கிராம்.
(ஈ) 1,400 ஐ 500 ஆல் வகுக்க 2.8 வரும்.
(உ) மருத்துவர் ஒரு வேளைக்கு 50 கிராம் அரிசி எனக் கூறியிருப்பின், 50 × 2.8 = 140 கிராம் சோறு பரிமாறுக.

சில நாட்கள் இவ்வாறு நிறுத்துப் பரிமாறினால், தமது தட்டில் அவ்வளவு சோறு எவ்விடம் வரை நிற்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். எவ்வளவு உண்ணலாம் என்பதை மட்டும் மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

5. தராசைப் பேணும் முறை

தராசைச் சமதளத்தில் வைத்து, வெறுமையாக இருக்கும்பொழுது முள் பூச்சியத்தில் நிற்கின்றதா எனப் பார்க்க. கடையில் வாங்கிய, பிரிக்காத 1 கிலோகிராம் சீனிப் பொதியை இடையிடையே வைத்துச் சோதிக்க. கடற்காற்றினால் வில்லும் தட்டும் துருப்பிடிக்கும். உப்பு நிறுத்தபின் துடைத்து உலர்ந்த இடத்தில் வைக்க.

தராசும் ஈரத்தைப் பிரித்துக் காட்டாது. 18 வீத ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல், 14 வீதத்துக்கு உலர்ந்தால் ஏறத்தாழ 95 கிலோகிராமாகும். குறைந்தது நீரேயன்றி நெல்லன்று. ஈரம் கோத்த உப்புக்கும் இதுவே பொருந்தும்.

6. தராசு இல்லாத வீடு

வீட்டுப் பேணி ஒன்றை அரிசிக்கென ஒதுக்குக. அதனாற் பத்து முறை தலைதட்டி அளந்த அரிசியை அயற்கடையில் ஒன்றாக நிறுத்து, பத்தால் வகுக்க. வரும் நிறையைப் பேணியின் மேல் எழுதி வைக்க. ஒருமுறை மட்டும் அளந்து நிறுத்தால் நேரும் பிழை இதனாற் குறையும். அப்பேணியை மாவுக்கோ பருப்புக்கோ மாற்றலாகாது. ஒவ்வொன்றுக்கும் நிறை வேறு.

நீர், தேங்காய்ப்பால், எண்ணெய் ஆகியவற்றுக்குக் கோடிட்ட அளவைக் கோப்பையே போதும். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தல் வேண்டும்.

எச்சரிக்கை: பசளையோ பீடைநாசினியோ நிறுத்த தராசையும், அவற்றை அளந்த பேணி, கரண்டிகளையும் அடுக்களைக்குள் கொண்டுவருதல் கூடாது. கழுவியபின்னும் கூடாது. தோட்டத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியே அடையாளமிட்டு வைக்க.

விற்கும் நெல்லில் ஒரு கிலோகிராம் குறைந்தால் வருந்தும் கமக்காரர், வீட்டார் உண்ணும் சோற்றிலும் உப்பிலும் அதே கவனத்தைக் காட்டுவாராயின், அதனால் வரும் நலன் அவர் குடும்பத்துக்கே உரியதாகும்.