மருதம்பட்டையும் மாத்திரைச் சீட்டும்

அன்புள்ள தம்பி,

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, திருமங்கலத்தில் போர்டு மாட்டிவிட்டீர்கள் என்று கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ரொம்ப சந்தோஷம். கூடவே ஒரு கேள்வியும் வைத்திருக்கிறீர்கள். "ஆஞ்சியோவில் அடைப்பு இருக்காம், பைபாஸ் பண்ணச் சொல்லிட்டாங்க, நீங்க மருந்து குடுத்தே கரைச்சு விட்டுருங்க என்று வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?" இங்கிலீஷ் வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவன் நான். என் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்தேதான் கேட்டிருப்பீர்கள். அதனால் ஒன்றிரண்டு வரியில் முடிக்காமல் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

உங்கள் முன்னால் வந்து உட்காருகிறவர் மனதில் அடைப்பைப் பற்றி ஒரு படம் இருக்கும். சாக்கடைக் குழாயில் கசடு சேர்ந்த மாதிரி ரத்தக் குழாயில் கொழுப்பு சேர்ந்துவிட்டது. காரசாரமாக எதையாவது ஊற்றினால் கழுவிக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் கம்பி விட்டுக் குத்த வேண்டும். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறெடுத்து, ஆப்பிள் சிடர் வினிகர் ஊற்றிப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, தேன் கலந்து குடிக்கச் சொல்லும் வாட்ஸப் வைத்தியம் இந்தப் படத்தை நம்பித்தான் வீடு வீடாகப் போகிறது. எங்கள் ஆட்களையும் விட்டுவைக்க மாட்டேன். நெஞ்சுவலி வந்து மாதக்கணக்காகி, நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தவரிடம் "எண்பது பர்சென்ட் அடைப்பு, எப்ப வேணாலும் மூடிக்கும்" என்று திரையைக் காட்டி, அன்றைக்கே ஸ்டென்ட்டுக்குக் கையெழுத்து வாங்குகிறவர்களும் அதே குழாயைத்தான் விற்கிறார்கள்.

உள்ளே நடப்பது வேறு. கொழுப்பு குழாயின் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. குழாயின் சுவருக்குள்ளேயே படிந்து மேடாகிறது. மேட்டின்மேல் நாரால் ஆன மெல்லிய மூடி. உள்ளே அழற்சி கூடக்கூட மூடி மெலிந்து, ஒருநாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை மூடினால் மாரடைப்பு. இப்படிக் கிழிவது பெரிய மேடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆஞ்சியோவில் யாரும் பொருட்படுத்தாத நாற்பது சதவீத மேடும் கிழியும். எலுமிச்சைச் சாறு குடலில் செரித்துப் போய்விடும், சுவருக்குள் இருப்பதைப் போய்த் தொட அதற்கு வழியில்லை. ஸ்டென்ட் வைத்தாலும் அந்த ஒரு இடம்தான் விரியும். குழாய் நெடுக இருக்கிற மற்ற மேடுகள் அப்படியே இருக்கும்.

எங்கள் தரப்பிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2007-இல் வெளிவந்த 'கரேஜ்' ஆய்வில் 2,287 பேர். 2020-இல் வெளிவந்த 'இஸ்கீமியா' ஆய்வில் 5,179 பேர், இந்திய நோயாளிகளும் உண்டு. நிலையாக இருக்கும் இதய நோயாளிகளுக்கு மருந்தோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்த்துச் செய்ததால், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிடச் சாவு குறையவில்லை. நெஞ்சுவலி குறைந்தது, அது உண்மை. வலியோடு நாற்று நடுகிறவருக்கு அது சின்ன விஷயமும் இல்லை. இதைப் படித்ததும் உங்கள் நண்பர்கள் "பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று துள்ளுவார்கள். துள்ளட்டும், அடுத்த வரியையும் படித்துவிட்டுத் துள்ளட்டும். ஸ்டென்ட் வைக்காத அந்தப் பாதிப் பேர் சும்மா இருக்கவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை எல்லாம் நாள் தவறாமல் சாப்பிட்டார்கள், கண்காணிப்பிலும் இருந்தார்கள். இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை 'இஸ்கீமியா'வில் சேர்க்கவே இல்லை. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்துக்கும் இந்த முடிவு பொருந்தாது. அந்த நேரத்தில் குழாயைத் திறப்பது உயிரைக் காக்கும், அதில் வாதமே கிடையாது.

ஆக, நிலையான நோயாளியின் ஆயுள் பெரும்பாலும் அந்த மாத்திரைச் சீட்டில் இருக்கிறது. உங்களிடம் வருகிறவர் அதைத்தான் முதலில் கைவிட்டிருப்பார்.

மஞ்சப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். வைத்தவுடன் நாடி பார்க்க வேண்டாம், பையை முழுக்கக் கொட்டச் சொல்லுங்கள். ஆஞ்சியோ சிடி, நான்காக மடித்து ஓரம் கிழிந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அதற்கடியில் மாத்திரை அட்டைகள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரஷர் மாத்திரையில் பாதி காலியாகி இருக்கும். அட்டோர்வாஸ்டாட்டின் அட்டை உடையாமல் இருக்கும். "இது உஷ்ணம், கை காலெல்லாம் வலிக்குதுன்னு நிப்பாட்டிட்டேன்" என்பார். பக்கத்தில் நிற்கும் சம்சாரம், "ஏற்கெனவே ஒரு வைத்தியர்கிட்ட போனோம் சார், இங்கிலீஷ் மருந்த நிறுத்தினாத்தான் நம்ம மருந்து புடிக்கும்னாரு" என்று மெதுவாகச் சொல்வார். அங்கேதான் ஆபத்து. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர் முதல் சில மாதங்களில் குளோபிடோக்ரலை நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து ஒரே ராத்திரியில் ஆளைக் கொண்டுபோய்விடும். நீங்கள் கொடுக்கும் கஷாயம் அவருக்கு நன்மை செய்கிறதோ இல்லையோ, "மாத்திரையை நிறுத்துங்கள்" என்ற இரண்டு சொல் கொன்றுவிடும். எனவே உங்கள் முதல் கேள்வி "என்ன பண்ணுது?" என்பதாக இருக்க வேண்டாம். "எதை நிறுத்தினீங்க, எப்ப நிறுத்தினீங்க?" என்று கேளுங்கள். கை கால் வலி உண்மையாகவே மாத்திரையால் வரலாம். அதற்கு அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திருப்பி அனுப்புங்கள். காசில்லை என்பார்களானால், 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் தெருவுக்கு வருகிற அந்தப் பெண் சுகாதாரத் தன்னார்வலரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூலிகை. இதில்தான் உங்களுக்கும் எனக்கும் பேச நிறைய இருக்கிறது.

மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் நம்பிக்கை உண்டு. மதுரை கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் பட்டையாகவும் பொடியாகவும் கிடைக்கிறது. 1995-இல் இந்தூரில் இதயம் மிகவும் தளர்ந்துபோன 12 பேரிடம் சோதித்தபோது நல்ல பலன் தெரிந்தது. பன்னிரண்டு பேர் என்பது ஒரு நம்பிக்கைக்கு ஆரம்பம், அவ்வளவுதான். டெல்லி எய்ம்ஸ் குழுவினர் 100 பேரிடம், யாருக்கு உண்மை மருந்து யாருக்குப் போலி என்று இரு தரப்புக்கும் தெரியாமல் 12 வாரம் கொடுத்துப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு கூடவில்லை. பூண்டுக்கும் இதே கதை: ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், கெட்ட கொழுப்பு இறங்கவில்லை. அதற்காக ரசத்தில் பூண்டு போடாதே என்று யாரும் சொல்லவில்லை.

சோதனை உங்கள் பக்கத்துக்கு எதிராக மட்டும் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். சர்ப்பகந்தா வேரைப் பாம்புக்கடிக்கும் பைத்தியத்துக்கும் நம் நாட்டில் நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்தக் கொதிப்புள்ள 50 பேருக்குக் கொடுத்துக் கணக்கெழுதி, 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. மூன்றே ஆண்டில் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். பல வருடம் உலகம் பூராவும் பிரஷருக்கு அது முக்கியமான மருந்தாக இருந்தது. மனச்சோர்வு வருகிறதென்றும், அதைவிட நல்ல மருந்துகள் வந்ததாலும் பிறகு பின்தள்ளப்பட்டது. வந்ததற்கும் போனதற்கும் ஒரே காரணம், எழுதி வைத்த கணக்கு. இங்கிலாந்தில் வித்தரிங் என்ற வைத்தியர் ஒரு கிழவியின் கைவைத்தியத்தில் இருந்த இருபது சொச்சம் மூலிகைகளில் ஃபாக்ஸ்குளோவ் ஒன்றே வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, பத்தாண்டு கொடுத்துப் பார்த்து 1785-இல் புத்தகம் போட்டார். அதில் பிழைத்தவர்களோடு, மருந்து கூடிப்போய் அவதிப்பட்டவர்களையும் எழுதினார். டிகாக்சின் என்ற இதய மருந்து வந்த வழி அது.

டிகாக்சினுக்கு ஒன்றுவிட்ட உறவு நம் ஊரிலேயே இருக்கிறது. நான்குவழிச் சாலையின் நடுவில் வரிசையாகப் பூத்து நிற்கும் செவ்வரளியிலும், வேலியோரத்து மஞ்சள் அரளியிலும் அதே வகைச் சத்துதான். மதுரை ராஜாஜி மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்த எந்த ஹவுஸ் சர்ஜனும் அரளி விஷத்தை மறந்திருக்க மாட்டார். நாடி நாற்பதுக்கும் கீழே இறங்கி, தாளம் தப்பி, தற்காலிக பேஸ்மேக்கர் வைத்து ராவெல்லாம் கண்விழித்த கதை ஆளுக்கொன்று இருக்கும். எனவே "மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை" என்று நீங்கள் மட்டும் சொல்லாதீர்கள். மருந்து என்றால் வேலை செய்யும். வேலை செய்வது கெடுதலும் செய்யும். இருமலுக்கு நீங்கள் தினமும் எழுதும் அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாள்பட எடுத்தால் உடலில் உப்பையும் நீரையும் நிறுத்தி பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். டிகாக்சினும் நீர் மாத்திரையும் சாப்பிடும் இதய நோயாளிக்குப் பொட்டாசியம் இறங்கினால் தாளம் தப்பும். செந்தூரம், பற்பம் கொடுப்பதானால் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். சர்க்கரையும் கொதிப்பும் சேர்ந்தவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பாதி தளர்ந்திருக்கும்.

யோகா, மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். மாரடைப்பு வந்து தேறிய 3,959 பேரிடம் இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் நடந்த 'யோகா-கேர்' ஆய்வு 2020-இல் வெளியானது. யோகா மறு மாரடைப்பையோ சாவையோ குறைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பயின்றவர்கள் தெம்பாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கு அதிக அளவில் திரும்பினார்கள். மாரடைப்பு வந்த பயத்திலேயே வீட்டுத் திண்ணையோடு ஒடுங்கிப்போகிற நம் ஆட்களுக்கு அது பெரிய விஷயம். "அடைப்பு திறக்கும் ஆசனம்" என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

நரம்பில் ஈ.டி.டி.ஏ. ஏற்றி அடைப்பைக் கரைக்கிறோம் என்கிற கீலேஷன்காரர்கள் உங்களிடமும் கமிஷன் பேச வரலாம். 1,708 பேரிடம் செய்து 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்தது உண்மை, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம். அதை உறுதிப்படுத்த மாரடைப்பு வந்த ஏறக்குறைய ஆயிரம் சர்க்கரை நோயாளிகளிடம் மறுபடி செய்தார்கள்; 2024-இல் முடிவு வந்தது, பலன் இல்லை. கதவைச் சாத்திவிடுங்கள்.

விளம்பர விஷயம். "இதய அடைப்புக்கு ஆபரேஷன் இல்லாத தீர்வு" என்று ஃபிளெக்ஸ் அடித்துத் தருகிறேன் என்பார் பிரிண்டிங் பிரஸ்காரர். 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் இதய நோயும் ரத்த அழுத்தமும் பெயர் சொல்லியே இருக்கின்றன. பதஞ்சலி கம்பெனி 2024-இல் விளம்பர வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்று, நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் போட்ட கதை ஊரறிந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தப் பாடு.

கோபப்படாமல் இதையும் கேளுங்கள். மக்கள் ஏன் எங்களை விட்டு உங்களிடம் ஓடி வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைக்கும்வரை, அதே கம்பிச் சுருளை லட்சத்துக்கும் மேல் விற்றார்கள். நகை விற்று, நிலம் அடகு வைத்துக் கட்டினவர்கள் அதை மறக்க மாட்டார்கள். எங்கள் ஓ.பி.யில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைப்பதே அபூர்வம். உங்களிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து தூக்கம், மலம், மருமகள் சண்டை வரை சொல்லலாம். அந்த அரை மணி நேரம்தான் உங்களிடம் இருக்கிற மிகப் பெரிய மருந்து. அதில் பீடியை விடச் சொல்லுங்கள், ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா சால்னாவைக் குறைக்கச் சொல்லுங்கள், உப்பைச் சொல்லுங்கள். நான் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், நீங்கள் சொன்னால் பத்தியம் என்று கேட்பார்கள்.

கடைசியாக, "வாய்வு". உங்கள் கிளினிக்கில் மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. "நெஞ்சுல வாய்வு குத்துது, சோடா குடிச்சேன், ஓமத்தண்ணி குடிச்சேன், கேக்கல" என்றுதான் வரும். சர்க்கரை உள்ளவருக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டும் இருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல், சட்டை நனைய வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் இறுக்கம் என்றால் சூரணத்தைத் தொடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈ.சி.ஜி. எடுக்கலாம், 2023-இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் அங்கேயே உடனடி அளவில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். துணை சுகாதார நிலையத்திலும் அந்த மாத்திரைகள் உண்டு.

நோயாளியை என்னிடம் அனுப்பும்போது நீங்கள் கொடுக்கும் மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளாக என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். நானும் அதே தாளின் பின்பக்கம் என் மாத்திரைகளை எழுதித் திருப்பி அனுப்புகிறேன். ராத்திரி சந்தேகமான ஈ.சி.ஜி. ஏதும் வந்தால் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுங்கள், பார்த்துவிடுவேன். ஆனால் என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஆளை ஏற்றிவிட்டுப் பிறகு போடுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் பழைய டாக்டர்