15 ஆம்பியர் சாக்கெட் மாட்டினால் போதுமா?

கேள்வி: எங்கள் சமையலறையில் மிக்ஸிக்கென்று ஒரே ஒரு 5 ஆம்பியர் பாயிண்ட்தான் உள்ளது. இப்போது இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியிருக்கிறோம். அதே போர்டிலிருந்து லூப் எடுத்து 15 ஆம்பியர் சாக்கெட் ஒன்று மாட்டித் தருகிறேன் என்கிறார் எலெக்ட்ரீஷியன். புது லைன்தான் இழுக்க வேண்டும் என்கிறார் என் தம்பி. இரண்டு சாக்கெட்டிலும் வருவது அதே 230 வோல்ட்தானே? - வாசகி, கும்பகோணம்

பதில்: அதே 230 வோல்ட்தான் அம்மா, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

15 ஆம்பியர் சாக்கெட் மாட்டினால் 15 ஆம்பியர் கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆம்பியர் என்பது ஒயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. அதைத் தீர்மானிப்பது நாம் மாட்டும் கருவி. சாக்கெட்டில் போட்டிருக்கும் எண், அது எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதற்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் ஒயரைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீர்க் குழாய் சின்னதாக இருந்தால் தண்ணீர் குறைவாக வரும், அதோடு போயிற்று. மின்சாரத்தில் அப்படி நடக்காது. ஒயர் மெல்லியதாக இருந்தாலும் அடுப்பு தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும், சூடாவது ஒயர்.

கணக்கைப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு, 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 750 வாட் மிக்ஸிக்கு 3.3. இரண்டும் சேர்ந்து ஓடினால் 12 ஆம்பியர். மின்னோட்டம் இரு மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். 5 ஆம்பியரை நினைத்துப் போட்ட லைனில் 12 ஓடினால், சூடு ஏறக்குறைய ஆறு மடங்கு. முதல் நாளே தீப்பிடிக்காது. லூப் எடுத்த இடத்தில் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலும் அங்கே சூடு குவியும்; ஒயரின் பிவிசி உறை மெல்ல மெல்லக் கருகிக்கொண்டே வரும்.

நல்லவேளையாக எம்சிபி, அதாவது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், லைனுக்கு ஏற்ற அளவில் இருந்தால் பெரும்பாலும் முன்னதாகவே ட்ரிப் ஆகும். "அடிக்கடி விழுகிறது, பெரியதாக மாற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அது காப்பது அடுப்பை அல்ல, ஒயரை.

லூப் எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. செல்போன் சார்ஜருக்கு ஒரு 5 ஆம்பியர் பாயிண்ட் கூடுதலாக வேண்டுமானால் தாராளமாக எடுக்கலாம். அது இழுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. பழைய வீடுகளில் பல போர்டுகளுக்கு எர்த் ஒயரே வந்திருக்காது. சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், மேலே உள்ள பெரிய துளை வெறுமனே நிற்கும். சிலர் அதை நியூட்ரலோடு இணைத்துவிடுகிறார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால், கருவியின் உலோக உடம்பு முழுவதும் ஷாக் அடிக்கும்.

ஆகவே மெயின் பாக்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனியாக இழுத்து, தனி 16 ஆம்பியர் எம்சிபி போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், மூடியைப் பூட்டுமுன் பச்சை நிற எர்த் ஒயரைக் காட்டச் சொல்லி உங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா.